பந்தைப் பார்க்காதவள்

1

அரங்கமே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது நான் ஒருத்தி மட்டும் எழுந்து நின்று கை தட்டினேன். இந்த அமெரிக்கக் கல்லூரி ஊரில் என்னைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

என் மகன் வரதன் இங்கே பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் ஆடுகிறான். நம் ஊர் ஃபுட்பால் இல்லை. அதற்கு இங்கே வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். இது முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோளுக்கு மேல் பெட்டி மாதிரி ஒரு காப்பு, அப்புறம் எருமை மாடுகள் மோதிக்கொள்வது போன்ற சத்தம். அன்றைக்கு அவனுக்கு முதல் ஆட்டம். எங்கள் ஆள் எறிந்த பந்தை எதிரணிக்காரன் ஒருவன் நடுவில் பாய்ந்து பிடித்து, திரும்பி ஒரே ஓட்டமாக ஓடிப் புள்ளியும் வாங்கிவிட்டான். அரங்கம் வாயடைத்துப் போனது. நானோ, “சபாஷ்டா வரதா!” என்று கத்திக்கொண்டு கை தட்டுகிறேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்து, எதிரணிக்காரர்கள் உட்காரும் இடம் அந்தப் பக்கம் என்று மிகவும் மரியாதையாகக் கை காட்டினாள்.

என் கணவர் சேகர் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். “பந்து போச்சு கோமளா. உக்காரு.”

“பந்து எங்க போச்சுன்னு யாரு பாத்தா? இவனுங்க அஞ்சு பேரும் ஒரே அடியா பின்னால வந்தானுங்களே, அத பாத்தீங்களா நீங்க?”

அவர் பார்க்கவில்லை. அவர் மட்டும் இல்லை, அந்த அரங்கத்தில் அதைப் பார்த்த வேறு ஒரு ஆள் இருந்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். அன்றைக்கு மட்டுமில்லை, இன்றுவரை நான் ஒரு ஆட்டத்திலும் பந்தைப் பார்த்ததில்லை. எனக்குக் கண் அங்கே போகாது. அது என் வளர்ப்பு அப்படி.

2

நான் காஞ்சிபுரத்துக்காரி. சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில் பக்கம் எங்கள் வீடு. பூர்வீகம் ஓரிக்கை, சித்தப்பா வீட்டாருக்கு இன்னும் அங்கே கொஞ்சம் நிலம் இருக்கிறது. அப்பாவுக்கு ரைஸ் மில்லில் வேலை. ஆனால் தெருவில் யாரும் அவரை மில்காரர் என்று சொன்னதில்லை. உற்சவத்தில் பெருமாளின் வாகனத்தைத் தோளில் தாங்கி வருவதை ஏளப் பண்ணுவது என்போம்; அப்படித் தாங்குகிறவர்களுக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று பெயர். அப்பா அதில் ஒருவர். அவருக்குப் பிறகு என் அண்ணன் தேவராஜன் தோள் கொடுக்கிறார். மற்ற நேரத்தில் அவர் டயர் கடைக்காரர்.

புறப்பாடு வரும்போது ஊரே அண்ணாந்து பெருமாளைப் பார்க்கும். அலங்காரத்தைப் பார்க்கும், குடையைப் பார்க்கும், கன்னத்தில் போட்டுக்கொள்ளும். தோள் கொடுக்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் நாங்கள் குனிந்து கால்களைத்தான் பார்ப்போம். வாகனத்தைத் தாங்கும் நீளத் தண்டுகளில் அப்பா முன் தண்டில் இருக்கிறாரா, பின் தண்டிலா? அடி ஒன்றாக விழுகிறதா? தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் மடித்து வைத்த துண்டு நழுவாமல் இருக்கிறதா? அம்மா கற்பூரத் தட்டோடு வாசலில் நின்றுகொண்டு, “உங்கப்பா இடது கால தாங்கித் தாங்கி வெக்கிறாரு. எண்ணெ காச்சணும்” என்பாள். அன்றைக்குப் பெருமாளுக்கு என்ன நிறப் பட்டு சாத்தியிருந்தது என்று கேட்டால் விழிப்பாள். பட்டுக்குப் பேர் போன ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. தண்டைத் தாங்கி நடக்கும்போது ஒருவருக்கு முடியாமல் போனால், “தோள்” என்று ஒரு குரல் கொடுப்பார். கூடவே நடந்து வரும் இன்னொருவர் அந்த நொடியில் உள்ளே நுழைந்து தன் தோளை வைப்பார். வாகனம் நிற்காது. ஆடாது. மேலே நிற்கிற பட்டருக்குக்கூடத் தெரியாது. முடியவில்லை என்று சொன்னவரை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். முடியாததை மறைத்தவன்தான் கெட்ட பேர் வாங்குவான். அவன் சாய்ந்தால் கூடவே எல்லாம் சாயும் அல்லவா?

கேட்க எளிதாக இருக்கிறது. செய்வது அத்தனை எளிதில்லை. வைகாசி கருட சேவையன்று விடியலில் பெருமாள் கோபுர வாசலைத் தாண்டும்போது தெருவில் எள் விழ இடமிருக்காது. அந்த வாசலைத் தாண்டும்போது யார் தோளில் தண்டு இருந்தது என்பது எங்கள் வீடுகளில் வருடம் முழுக்கப் பேச்சு. ஒரு வருடம் அப்பாவுக்கு முன் தண்டில் முதல் இடம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் எதிர்வாடையில் ஒரு மாடியில் இடம்பிடித்து நின்றோம். வாசலுக்குச் சற்று முன்னால் அப்பாவுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுண்டி இழுத்துவிட்டது. “தோள்” என்றார். வேறொருவர் உள்ளே போனார். வாசலைத் தாண்டியது அவர் தோள்.

அம்மா வீட்டுக்கு வந்து பொங்கித் தீர்த்தாள். “நாலு அடி பல்ல கடிச்சிக்கினு போயிருக்கக் கூடாதா? ஊரே பாத்துக்கினு இருந்துது!”

அப்பா இட்லியைப் பிட்டு மிளகாய்ப் பொடியில் புரட்டினார். “பெருமாள் சாயல இல்ல? அப்புறம் இன்னா? இன்னும் ரெண்டு இட்லி வை.”

அந்தச் சண்டையில் நான் அம்மா கட்சி. அமெரிக்கா வந்த பிறகும், எனக்கே தலை நரைத்த பிறகும், அம்மா கட்சியாகத்தான் இருந்தேன். நாலே நாலு அடி அல்லவா!

3

இங்கே நம்மவர்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். முன்பெல்லாம் சாம்பார் யாருடையது நன்றாக இருக்கிறது என்பதில் சண்டை வரும். வரதன் அணியில் சேர்ந்த பிறகு, ஒரு கல்லூரி அணி ஜெயிக்க அதில் எந்தப் பிரிவு முக்கியம் என்பதில் சண்டை.

எதிர்க்கட்சித் தலைவர் பாலு சார். கோயம்புத்தூர்க்காரர். ஆட்டங்களைப் பற்றி எந்நேரமும் படித்துக்கொண்டே இருப்பவர். அவருக்கு குவார்ட்டர்பேக்தான் எல்லாம். அதாவது பின்னால் நின்று பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவன். பெரிய பெரிய பலகைகளில் படம் போடுவது, தொலைக்காட்சியில் பேட்டி எடுப்பது எல்லாம் அவனை வைத்துத்தான். என் மகன் லைன் என்கிற வரிசையில் நிற்பவன். பந்துக்கு முன்னால் ஐந்து பேர் தோளோடு தோள் நிற்பார்கள். எதிரணிக்காரர்கள் உள்ளே புகுந்து பந்தெறிகிறவனை மண்ணில் சாய்த்துவிடாமல் தடுப்பது இவர்கள் வேலை. இவர்கள் பந்தைப் பிடிப்பதில்லை, எறிவதில்லை, ஓடிப் புள்ளி வாங்குவதில்லை. தப்பு செய்தால் மட்டும் ஒலிபெருக்கியில் இவர்கள் எண்ணைச் சொல்வார்கள். வரதன் இடது ஓரம். வலது கையால் எறிகிறவனுக்கு இடப்பக்கம் முதுகுப் பக்கமாகிவிடுகிறது. தன் பின்னால் யார் வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அந்த முதுகுக்குக் காவல் என் மகன்.

“ஏனுங்க, தாங்கறவங்க முக்கியம்தான், இல்லீங்கல,” என்பார் பாலு சார். “ஆனா எறியறவன் சரியில்லீனா அஞ்சு பேரும் நின்னு என்னுங்க பிரயோஜனம்?”

“அவன் எறியணும்னா மொதல்ல அவன் நிக்கணும். படுத்துக்கினு எறிய முடியுமா சார்?”

“அப்போ எதிர்ல வர்றவனத் தடுக்கற டிஃபன்ஸ்?”

“அவங்களும் நல்லவங்கதான். நான் யாரையும் கொற சொல்லல. என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. மூணு வருஷத்துல நம்ம காலேஜுக்கு எத்தினி குவார்ட்டர்பேக் வந்தாங்க?”

இங்கேதான் அவர் கொஞ்சம் இறங்குவார். இப்போதெல்லாம் நன்றாக எறிகிற பையன் ஒரு வருடம் ஆடுவான், பெரிய கல்லூரி கூப்பிட்டதும் மூட்டை கட்டிவிடுவான். யாரும் தப்பு சொல்வதில்லை. எங்களுக்கு வருடத்துக்கு ஒருவன் வந்தான். வரிசையில் அதே ஐந்து பேர். சம்பளம் வாங்கி அதையே தொழிலாக ஆடுகிறவர்களின் ஆட்டத்தில், பத்து வருடம்கூட ஒரே ஆள் நின்று எறியலாம். கல்லூரி அப்படி இல்லை. பையன்கள் வருவார்கள், படித்து முடித்துப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து பேர் மூன்று வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பக்கத்தில் இருப்பவன் மூச்சு விடுவதை வைத்தே அவன் எந்தப் பக்கம் நகர்வான் என்று தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய சொத்து! யார் வந்து பின்னால் நின்றாலும் அவன் கெட்டிக்காரன் ஆகிவிடுகிறான்.

நான் இப்படிப் பொரிந்து தள்ளிய பிறகு, சேகர் தயிர்சாதத் தட்டோடு எழுந்து போய்விடுவார். வரதன் இருந்தால், “அம்மா, ப்ளீஸ்” என்பான். அவன் தமிழில் என்னோடு அதிகம் பேசுவது அந்த ‘அம்மா’ ஒன்றுதான்.

அண்ணனுக்கு நான் ஃபோனில் ஆட்டத்தை விளக்கியபோது இத்தனை பேச்சே தேவைப்படவில்லை.

“அப்போ பந்துதான் பெருமாள். எறியறவன் பட்டர்,” என்றார். “நம்ம புள்ள ஸ்ரீபாதம். இத சொல்றதுக்கா இம்மா நேரம் பேசினே?”

4

கடைசி வருடத்தில் அணி நன்றாக ஆடியது. ஐப்பசி கழிந்து குளிர் இறங்கும்போது, சொந்த அரங்கத்தில் ஒரே ஆட்டம் மிச்சம். அதில் ஜெயித்தால் எங்கள் வட்டாரக் கோப்பை. படிப்பை முடித்துப் போகிற பையன்களுக்கு அதுதான் வழியனுப்பும் நாளும்கூட. ஆட்டம் தொடங்கும் முன் பெற்றோர் மகனோடு கைகோத்து மைதானத்தின் நடுவே நடந்து போக வேண்டும்.

அதற்கு முந்தைய ஆட்டத்தில் வரதனின் இடது தோளில் அடி பட்டது. அவன் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். வியாழக்கிழமைகளில் அந்த ஐந்து பேரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். நம் ஊர்க் கோயில் இட்லிதான் சமையல். மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் போட்டு, மந்தாரை இலைக்கு வழியில்லாததால் டம்ளரில் ஊற்றி அவிப்பேன். ஒவ்வொருவனும் நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வருவான். சட்னிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், ‘பச்சைக் குழம்பு’ என்று அர்த்தம் வரும் ஏதோ ஒன்று. அந்த வியாழன் வரதன் டம்ளர் இட்லியை வலது கையால் வாங்கி, வலது கையால் மேஜையில் வைத்து, வலது கையாலேயே தண்ணீர்க் குவளையையும் எடுத்தான். இடது கை மடியிலேயே இருந்தது.

“தோள் இன்னாடா ஆச்சு?”

“ஃபைன்மா.”

இந்த ‘ஃபைன்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நான் சும்மா விட மாட்டேன். பரீட்சை ஃபைன், காய்ச்சல் ஃபைன், ஒரு பெண்ணோடு இரண்டு வருடம் பழகிவிட்டுப் பிரிந்தது ஃபைன். கதவைச் சாத்துவதற்குப் பதிலாக இங்கத்துப் பிள்ளைகள் இந்த ஒரு சொல்லைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மறுநாள் அணியின் மருத்துவப் பிரிவுக்கு ஃபோன் செய்தேன். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். மகனுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டதால் அவன் கையெழுத்துப் போட்டு அனுமதித்தால்தான் அவன் உடம்பைப் பற்றி என்னிடம் பேச முடியுமாம். “மேடம், அந்தத் தோளை நான்தான் செய்தேன்,” என்றேன் என் ஆங்கிலத்தில். அவள் சிரித்துவிட்டு, அனுமதிப் படிவம் இணையத்தில் இருக்கிறது, மகனிடம் சொல்லுங்கள் என்றாள். அடுத்து வேறொரு அலுவலகத்துக்கு மாற்றினாள். அங்கே பாட்டு கேட்டுக்கொண்டே காத்திருந்தேன். பாட்டு முடிந்து இன்னொரு பெண் வந்தாள். அவளும் கையெழுத்து வேண்டும் என்றாள்.

பெற்றவளுக்குப் பிள்ளையின் தோளைப் பற்றிக் கேட்க உரிமை இல்லாத தேசத்துக்கு நானாகத்தான் விமானம் ஏறி வந்தேன். யாரைக் குறை சொல்ல?

இரவில் வரதனே ஃபோன் செய்தான். அவனாகச் செய்வது அபூர்வம். “அம்மா, கிளினிக்குக்கு கால் பண்ணியா?” கோபத்தில் தமிழ் நன்றாக வருகிறது அவனுக்கு. “டாக்டர் ஓகே சொல்லிட்டார். ஆடலாம், ஆனா வலிச்சா சொல்லணும்னு சொன்னார். இது லாஸ்ட் கேம்மா. நான் ஃபுல்லா ஆடணும். ஒரு ப்ளேகூட வெளிய வர மாட்டேன்.”

எனக்கு உள்ளுக்குள் இரண்டு பேர் பேசினார்கள். தோளைக் கெடுத்துக்கொள்ளாதே என்று ஒருத்தி. நாலு அடி பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடு என்று இன்னொருத்தி. அவள் குரல் என் அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. “சாப்டியா?” என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன்.

அண்ணனிடம் புலம்பினேன். “நீ அவனுக்கு சொல்லுண்ணா. வேணாம்னு சொல்லு. இல்ல, ஆடட்டும்னு சொல்லு. எதையாச்சும் சொல்லு.”

“நீயே எந்தப் பக்கம்னு தெரியாம நிக்கிற. நான் இன்னாத்த சொல்றது?” என்றார் அண்ணன். “தோள் அவனுதுமா. அவனுக்குத் தெரியும்.”

5

சனிக்கிழமை மாலை ஆட்டம். அணியின் நிறம் அரக்கு. என் கல்யாணப் பட்டும் அரக்கு. உள்ளே கம்பளி உள்ளாடை, அதன் மேல் பட்டுப்புடவை, அதன் மேல் மகனின் எண் போட்ட பனியன், எல்லாவற்றுக்கும் மேல் கோட்டு என்று நான் ஒரு நடமாடும் மூட்டையாகப் போய்ச் சேர்ந்தேன். மைதானத்துக்குள் நடக்கும்போது கோட்டைக் கழற்றி சேகரிடம் கொடுத்துவிட்டேன். குளிர் எலும்பைத் தொட்டது. பரவாயில்லை, நம் ஊர் ஜரிகை அந்த விளக்கு வெளிச்சத்தில் மின்ன வேண்டாமா? ஒலிபெருக்கியில் எங்கள் மூவர் பெயரையும் கொத்துக்கறி போட்டார்கள். நடுக்கோட்டில் வரதன் என்னைக் கட்டிக்கொண்டான். வலது கையால் மட்டும்.

சேகர் வீடியோ காலில் அண்ணனைப் பிடித்து, ஃபோனை மைதானத்தைப் பார்க்கும்படி ஏந்திக்கொண்டார். அங்கே பொழுது விடியவில்லை. அண்ணன் குளித்து, நாமம் இட்டுக்கொண்டு, டயர் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாலு சார் எங்களுக்குப் பக்கத்து இருக்கை.

முதல் பாதி முழுவதும் என் மகன் கல் மாதிரி நின்றான். எதிரில் வந்தவன் அவனைவிட இளையவன், வேகக்காரன். வலப்பக்கம் ஏய்த்தான், இடப்பக்கம் ஏய்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. வரதன் பின்னால் வைக்கிற அந்த முதல் அடி இருக்கிறதே, பந்து நகர்ந்த கணத்தில் விழ வேண்டிய அடி, அது தாளம் தப்பாமல் விழுந்தது. மற்ற நாலு பேரும் அதே அடி. நான் தொண்டை வறளக் கத்தினேன். எப்போது கத்துவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; மற்றவர்கள் கத்தாதபோது கத்துவேன்.

இரண்டாம் பாதியில் அந்த அடி பிந்த ஆரம்பித்தது. ஒரு இமை நேரம்தான். பாலு சாருக்குத் தெரியாது, சேகருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. இடது கை முழுசாக நீளவில்லை. அதை மறைக்க உடம்பைக் கொஞ்சம் திருப்பி வைக்கிறான், திருப்பி வைப்பதால் கால் பிந்துகிறது.

“அண்ணா, பாத்தியா?” என்றேன் ஃபோனிடம்.

“பாத்துக்கினுதான் இருக்கறேன். இடது பக்கம் தாங்குறான்.”

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது நாங்கள் பின்தங்கியிருந்தோம். கையில் பந்து, கடக்க வேண்டிய தூரம் முக்கால் மைதானம். இந்தப் படையெடுப்பில் புள்ளி வாங்கினால் கோப்பை, இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது. அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. இந்தக் கட்டத்துக்காகத்தான் அவன் நாலு வருடம் விடியற்காலையில் எழுந்து இரும்பு தூக்கினான். கோபுர வாசல் இதோ, கண்ணுக்கு நேரே.

முதல் தடவை அந்த வேகக்காரன் வரதனின் இடப்பக்கம் புகுந்து போய், அந்த வருடம் எங்களுக்கு எறிகிற, கோல் என்ற பெயருடைய பையனின் முதுகில் இடித்தான். கோல் எப்படியோ தள்ளாடிப் பந்தை வெளியே எறிந்து தப்பித்தான். அடுத்த தடவை கோலை மண்ணில் சாய்த்தே விட்டான். விழுந்தவன் எழுந்திருக்க நேரமானது. அரங்கம் ‘ஐயோ’ என்றது.

வரதன் குனிந்து கோலுக்குக் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். பிறகு எல்லைக்கோட்டுப் பக்கம் திரும்பி, தன் தலைக்கவசத்தின் மேல் இரண்டு தட்டு தட்டினான்; மாற்று ஆளைக் கேட்பதற்கு இங்கே அதுதான் சைகை. தட்டிவிட்டு வெளியே ஓடி வந்தான். டைலர் என்ற பையன், வருடம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், எதிரே உள்ளே ஓடினான். இருவரும் நடுவில் தாண்டிக்கொள்ளும்போது வரதன் அவன் நெஞ்சுக்காப்பில் ஒரு குத்து விட்டான்.

பாலு சார் பதறிப்போனார். “ஏனுங்க, இந்த நேரத்துல உங்க பையன் வெளிய வந்துட்டானுங்களே! கோச் இழுத்துட்டாரா?”

“யாரும் இழுக்கல. அவனே வந்தான்.” ஃபோன் பக்கம் குனிந்து கத்தினேன். “அவனே வந்துட்டான்! தோள் மாத்திட்டான்! அண்ணா, தோள் மாத்திட்டாண்ணா!”

ஃபோனுக்குள் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. “பாத்தேன் பாத்தேன்! குரல் குடுத்தான் பாரு புள்ள! யப்பா!” டயர் கடை வாசலில் என் அண்ணன் தனியாகக் குதித்துக்கொண்டிருந்தார்.

நானும் குதித்தேன். பின்தங்கி நிற்கிற அணிக்காரி, மகன் வெளியேறி நிற்கிறான், பட்டுப்புடவையோடு குதிக்கிறேன். முதல் ஆட்டத்தில் எனக்குக் கை காட்டிய அதே அம்மாள் இன்றும் முன்வரிசையில்தான் இருந்தாள். திரும்பிப் பார்த்தாள். இந்த முறை வழி காட்டவில்லை.

அந்தக் கணத்தில் நான் அம்மா கட்சியிலிருந்து விலகினேன். யாரும் கேட்காமலே, அத்தனை வருடம் கழித்து, அப்பா அன்றைக்கு அந்த இட்லியை ஏன் அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டார் என்று புரிந்தது.

அதன் பிறகு நடந்த ஆட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்டுப் பயனில்லை. எல்லைக்கோட்டில் நின்ற என் மகனின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பந்து நகரும்போதெல்லாம், வெளியே நின்றபடி அவன் அந்தப் பின்னடியை வைத்தான். டைலர் எப்போது வைக்கிறானோ அதே நேரத்தில் இவன் இங்கே வைத்தான். நடுவில் யாரோ தோளில் பனிக்கட்டி கட்ட வந்தார்கள். கையை ஆட்டி விலக்கிவிட்டு மறுபடியும் அடி. டைலரின் அடி சரியாக விழுந்தது. அந்த வேகக்காரன் முட்டினான், நின்றான். மறுபடி முட்டினான், நின்றான். ஐந்து பேரும் ஒன்றாகப் பின்னால் வந்தார்கள், ஒன்றாக நின்றார்கள், ஒன்றாக முன்னால் தள்ளினார்கள்.

பிறகு ஒரு பேரிரைச்சல் எழுந்தது. வரதன் இரண்டு கையையும் உயர்த்தினான். இடது கை பாதிதான் உயர்ந்தது. அதை வைத்துத்தான் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்தது.

6

ஜனம் மைதானத்துக்குள் கொட்டியது. நானும் சேகரும் எப்படி உள்ளே போனோம் என்று தெரியவில்லை. பாலு சார் எங்களுக்கு வழி விலக்கிக்கொண்டு முன்னால் போனார். ஜெயித்ததில் எறிந்தவனைத்தான் புகழ்வார் என்று பார்த்தேன். அவர் திரும்பி, “அந்த டைலர் பையன் யாருங்க? எந்த ஊர்க்காரன்?” என்று கேட்டார். மூன்று வருடத்தில் அவர் வரிசைக்காரன் ஒருவனின் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜெயித்தவர்கள் அலட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு அலட்டிக்கொண்டேன்.

வரதன் சேறும் வியர்வையுமாக வந்தான்.

“ஏன்டா வெளிய வந்தே?” என்று கேட்டேன். அவன் வாயால் கேட்க வேண்டும் எனக்கு. தாத்தா, தண்டு, கோபுர வாசல், ஏதாவது ஒன்று அவன் வாயில் வராதா என்ற ஆசை.

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். “லேட் ஆயிட்டேன்மா. கோலுக்கு அடி பட்டிருக்கும். டைலர் ஃப்ரெஷ்ஷா இருந்தான். அவ்வளவுதான்.” அப்புறம், “ஏன் அழற?”

“அழல. குளிர்.”

“தோள் வலிக்குதும்மா,” என்றான். ‘ஃபைன்’ சொல்லவில்லை. கதவைத் தானாகத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. “ரொம்ப வலிக்குது.”

அவன் தாத்தாவை நினைத்தே பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தோஷம். சொல்லிக்கொடுத்துச் செய்திருந்தால் அது என் சாமர்த்தியம். அவனாகச் செய்தான், அது அவன் சொத்து.

அதற்குள் யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வரிசைக்காரர்கள் நாலைந்து பேர் ஒருவனைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கேமராக்கள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடின. டைலர் வலப்பக்கம் முன்னால் தோள் கொடுத்திருந்தான். வரதன் ஓடிப்போய் முதலில் அவனுக்குப் பக்கத்தில் நின்றான். அந்தப் பக்கம் இடது தோளைத்தான் கொடுக்க வேண்டும்; அதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான். அங்கே இருந்த பையன் ஒரு அடி நகர்ந்து இடம் விட, வரதன் உள்ளே நுழைந்து தன் வலது தோளை வைத்தான்.

நடக்க ஆரம்பித்தார்கள். இரண்டாவது அடியிலேயே எல்லாக் கால்களும் ஒன்றாக விழுந்தன.

சேகர் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார். நெட் விட்டு விட்டு வந்தது. அண்ணனுக்குப் பின்னால் காலை வெயில், பஸ் ஹாரன், கடை திறந்த பையன்கள் இரண்டு பேர் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார்கள்.

“வலது தோள்! வலது தோளுக்கு மாறிட்டான் பாரு!” என்று அண்ணன் கத்தினார். “நடைய பாரு கோமளா, இன்னா நட! தண்டே இல்லாம இன்னாமா ஏளப் பண்றானுங்க!”

“பாத்துக்கினு இருக்கறேண்ணா.”

“அது சரி, மேல உக்காந்துக்கினு இருக்கறானே, அது யாருமா?”

“தெரியலண்ணா,” என்றேன். “நான் பாக்கல.”